கல்கத்தா, 1947: அமைதிப் பணியில் மொழியின் இடம்

1947ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர்த் திங்கள்களில் கல்கத்தாவில் நிகழ்ந்தவற்றை 'அற்புதம்' என்னும் சொல்லால் குறிப்பது வரலாற்று நூலோரிடையே வழக்கமாகிவிட்டது. பஞ்சாபில் 55,000 படைவீரர்களால் அடக்க இயலாத கலவரத்தை வங்காளத்தில் ஒரு தனிமனிதர் தடுத்து நிறுத்தினார் என்ற கருத்துப்பட மவுண்ட்பேட்டன் எழுதிய கடிதம் பலரும் அறிந்ததே. ஆயின், ஒரு நிகழ்ச்சியை அற்புதம் என்று கூறிவிட்ட பின்னர் அதில் ஆராய எதுவும் எஞ்சுவதில்லை. அந்த நாட்களில் யார் யாரிடம் எந்த மொழியில் பேசினர், பேசியதைப் பெயர்த்துரைத்தவர் யார், எழுதப்பட்ட ஆவணங்களின் சொற்களைத் திருத்தியவர் யார் ஆகிய வினாக்களை எழுப்பினால், அற்புதம் எனப்பட்டதன் பெரும்பகுதி மொழி சார்ந்த உழைப்பாக இருந்தமை புலப்படும். கல்வி, பிணக்குத் தீர்வு, பொதுமக்களின் வருகைப் பரிமாற்றம் ஆகியவற்றின் வழியாக அடித்தள மக்களிடையே அமைதியை உருவாக்குதல் என்பது இன்று தனித்துறையாக வளர்ந்துள்ளது. அத்துறையினர் தலைவர்களைப் பற்றி எழுதிய அளவுக்கு மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி எழுதவில்லை. அக்குறையைக் கல்கத்தாவை முன்னிறுத்திச் சிறிது ஈடுசெய்ய இக்கட்டுரை முற்படுகிறது.

நகரின் பெயர் 2001இல் அலுவல் முறையில் கொல்கத்தா என மாற்றப்பட்டது. வங்காளியர் நாவில் அது என்றுமே அப்படித்தான் ஒலித்து வந்தது. நிகழ்ச்சி நடந்த காலத்து வழக்கை ஒட்டி ஈண்டு கல்கத்தா என்றே எழுதப்படுகிறது.

நிகழ்ச்சிகள்

1946 ஆகஸ்டு 16 அன்று முஸ்லிம் லீகின் நேரடி நடவடிக்கை நாளில் தொடங்கிய கல்கத்தாப் படுகொலையில் ஏறத்தாழ 4000 பேர் இறந்தனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. அப்போது வங்காளத்தின் முதன்மை அமைச்சராக இருந்தவர் ஹுசைன் ஷாகித் சுராவர்தி. அதே ஆண்டு அக்டோபரில் கிழக்கு வங்காளத்து நவகாளியில் இந்துக்கள் தாக்கப்பட்டனர். தொடர்ந்து பீகாரில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டனர். நவம்பரில் நவகாளிக்குச் சென்ற காந்தியடிகள் 1947 மார்ச்சுத் தொடக்கம் வரை அங்குத் தங்கினார். சனவரி முதல் ஊர் ஊராக வெறுங்காலுடன் நடந்தார். சாவியின் 'நவகாளி யாத்திரை' வாயிலாகத் தமிழ் வாசகர் அந்நடைப்பயணத்தை அறிவர். (புதிய கால்வாய் என்ற பொருளில் அமைந்த நோவாகாலி என்னும் ஊர்ப்பெயர், தமிழ் நாளிதழ்களின் எழுத்துப்பெயர்ப்பில் காளியின் பெயராக மாறிப்போனது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த மாவட்டம் ஒன்றுக்கு இப்படியொரு பெயர் அமைந்தது எழுத்துப்பெயர்ப்பின் விளையாட்டு.)

1947 ஆகஸ்டு 9 அன்று மீண்டும் நவகாளிக்குச் செல்லும் வழியில் அவர் கல்கத்தாவில் சோதேபூர் காதி ஆசிரமத்தில் தங்கினார். விடுதலை நாள் நெருங்க நெருங்க நகரத்து முஸ்லிம்கள் அஞ்சினர். முன்னாள் மேயர் முகமது உஸ்மான் உள்ளிட்டோர் அவரைக் கல்கத்தாவிலேயே தங்குமாறு வேண்டினர். சுராவர்தி தம்முடன் ஒரே கூரையின்கீழ் வாழ்வதானால் தங்குவதாக அவர் விடையிறுத்தார். ஆகஸ்டு 13 அன்று இருவரும் பெலியாகாட்டாவில் கைவிடப்பட்டுக் கிடந்த ஹைதரி மன்சில் என்ற வீட்டில் குடியேறினர். அன்று இந்து இளைஞர்கள் அவ்வீட்டின்மீது கல்லெறிந்தனர். அவர்களை அழைத்துப் பேசினார், மறுநாளும் பேசினார். ஆகஸ்டு 15 அன்று இரு சமயத்தாரும் தெருக்களில் தழுவிக்கொண்டனர். ஆகஸ்டு 31 இரவில் ஒரு கும்பல் அதே வீட்டினுள் புகுந்தது. செப்டம்பர் 1 அன்று நகரில் மீண்டும் கொலைகள் நிகழ்ந்தன. அன்று இரவு 8.15 மணிக்குக் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். 73 மணி நேரம் கழித்து, செப்டம்பர் 4 இரவு, நகரத் தலைவர்கள் கையொப்பமிட்ட உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டு நோன்பை முடித்தார். 7ஆம் நாள் தில்லிக்குப் புறப்பட்டார்.

இவை அனைவரும் அறிந்த செய்திகள். அவ்வளவாக அறியப்படாதவை கீழே வருவன.

துபாசியும் தோபாஷியும்

காந்தியடிகள் பிரார்த்தனைக் கூட்டங்களில் பேசியது இந்துஸ்தானியில். நவகாளி உழவருக்கு அது விளங்காது. அவர் பேசி முடித்ததும் அப்பேச்சை வங்காளத்தில் சொன்னவர் நிர்மல் குமார் போஸ் (1901-1972). நாளிதழ்களுக்காக அதன் ஆங்கிலச் சுருக்கத்தை எழுதியவரும் அவரே. ஆகவே ஒரே பேச்சு ஒரே மாலைப்பொழுதில் மூன்று மொழிகளில் மூன்று வகை அவையோரைச் சென்றடைந்தது. இரண்டு பெயர்ப்புகளும் ஒருவரது மனத்தின் வழியே நிகழ்ந்தன. போஸ் தொழில்முறைத் துபாசி அல்லர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்தவர், மானிடவியல் அறிஞர், 1959 முதல் 1964 வரை இந்திய மானிடவியல் ஆய்வகத்தின் இயக்குநராக விளங்கியவர். காந்தியத்தைப் பயின்றவரே ஆயினும் அடியவர் அல்லர். காந்தியடிகளின் பிரமசரியச் சோதனைகள் குறித்து வெளிப்படையாக மறுப்புத் தெரிவித்து 1947 மார்ச்சில் பணியிலிருந்து விலகியவர்; ஆகஸ்டில் காந்தியடிகள் கல்கத்தாவுக்கு வந்தபோது மீண்டும் வந்து உதவியவர். அவர் 1953இல் வெளியிட்ட 'காந்தியுடன் என் நாட்கள்' என்ற ஆங்கில நூல், தாம் பெயர்த்துரைத்த ஒரு தலைவரைப் பற்றித் துபாசி ஒருவர் கண்ணை மூடிக்கொள்ளாமல் எழுதிய அரிய சான்று. பெயர்த்துரைப்பவர் சொந்தக் கருத்து இல்லாதவராக இருத்தல் வேண்டும் என்ற பாடநூல் விதியை இவர் வாழ்க்கை மறுக்கிறது. கருத்து வேற்றுமை உடையவர் என்பது தெரிந்திருந்தும் அவருடைய பெயர்ப்பை நம்பினர் என்பதே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

துபாசி என்னும் சொல்லைப் பற்றி ஈண்டு ஒரு குறிப்பு. துவிபாஷி என்ற வடசொல்லின் திரிபாக அது தமிழில் வணிகக் குழுமங்களின் இடையாளரைக் குறித்தது. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையை நினைவுகூர்ந்தால் போதும். அதே சொல் வங்காளத்தில் தோபாஷி என வழங்கி, பெயர்த்துரைப்பவரைக் குறிப்பதோடு வேறொரு பொருளையும் பெற்றது. பாரசீக, அரபுச் சொற்கள் மிகுதியாகக் கலந்து 18, 19ஆம் நூற்றாண்டுகளில் முஸ்லிம் புலவர் பலர் கதைப்பாடல்கள் இயற்றிய வங்காள நடைக்கும் தோபாஷி என்றே பெயர். இரு மொழிகளுக்கு நடுவே நிற்கும் ஆளுக்கும், ஒரு மொழிக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்துநிற்கும் நடைக்கும் ஒரே சொல். வங்காளத்தின் மொழிநிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

இந்துஸ்தானியைப் புரியவைக்கும் தடை போஸின் முன் இருந்த தடைகளுள் எளியது. அதனினும் கடினமானது வங்காளத்துக்குள்ளேயே இருந்தது. நீரை வங்காள இந்துக்கள் 'ஜல்' என்பர். முஸ்லிம்கள் 'பானி' என்பர். குளித்தலை முன்னவர் 'ஸ்நான்' என்றும் பின்னவர் 'கோசல்' என்றும் கூறுவர். சிற்றப்பன் ஒருவருக்குக் 'காகா', மற்றவருக்குச் 'சாசா'. இவற்றுள் எதுவும் மற்றவருக்கு விளங்காத சொல் அன்று. விளங்குகிறது என்பதே இடர்ப்பாட்டின் தோற்றுவாய்: தண்ணீர் கேட்கும் ஒரே சொல்லில் கேட்பவரின் சமயம் வெளிப்பட்டுவிடும். கலவர நாட்களில் இத்தகைய ஒரு சொல் உயிரைக் காக்கவும் கூடும், போக்கவும் கூடும். நம்மிடையேயும் குழம்பை 'ஆணம்' என்னும் தமிழ் முஸ்லிம் வழக்கு உண்டு. அதைக் கேட்டுக் கலவரம் செய்வாரில்லை. சொல் வேறுபாடு தானாகப் பகையை உண்டாக்குவதில்லை. பகை வந்தபின் அது அடையாளச் சீட்டாகப் பயன்படுகிறது.

இதனுடன் வட்டார வேறுபாடும் சேர்ந்துகொண்டது. நவகாளி வழக்கைக் கிரியர்சன் தமது மொழி அளவாய்வின் 5ஆம் தொகுதியில் தென்கிழக்கு வங்காளத்தோடு சேர்த்து விளக்கியுள்ளார். மொழி முதல் பகரம் அங்கு ஹகரமாகும். 'பானி' அங்கே 'ஹானி'. தமிழ்ப் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' ஆனதை அறிந்த நமக்கு இவ்வொலி மாற்றம் வியப்பளிக்காது. கல்கத்தாப் படிப்பாளி ஒருவரின் செம்மை வங்காளம் நவகாளி முஸ்லிம் உழவரின் செவியில் நகரத்து இந்து நிலக்கிழாரின் குரலாகவே ஒலித்திருக்கும் எனக் கருத இடமுண்டு. ஆதலின் 'வங்காளத்தில் பெயர்த்துரைத்தார்' என்று நாம் எளிதாக எழுதும் தொடருக்குள் எந்த வங்காளம் என்ற வினா அடங்கியிருக்கிறது.

எழுபத்தேழு வயதில் ஒரு மாணவர்

நவகாளியில் காந்தியடிகள் நாள்தோறும் வங்காளம் பயின்றார். எழுத்துக்களை எழுதிப் பழகினார். அப்போது அவருக்கு வயது 77. மக்களிடம் நேராகப் பேசும் அளவுக்கு அம்மொழி அவருக்குக் கைவரவில்லை. அவரும் அவ்வாறு உரிமை கொண்டாடவில்லை. தென்னாப்பிரிக்காவில் தமிழ்த் தொழிலாளர் பொருட்டுத் தமிழ் கற்க முயன்று முழுமை பெறாதவர் அவர் என்பது தன்வரலாற்றை வாசித்தோர் அறிந்ததே. பயன்பாட்டுக் கணக்கில் பார்த்தால் வங்காளப் பாடம் வீண்வேலை. ஆனால், ஒருவர் மொழியை மற்றவர் கற்பதில் இரண்டு பயன்கள் உள. ஒன்று, செய்தி அறிதல். மற்றொன்று, கற்பவர் தம்மைத் தாழ்த்திக்கொண்டு மாணாக்கராக அமர்தல். இரண்டாவது பயன் முதல் பாடத்திலேயே கிடைத்துவிடுகிறது. அவர் வங்காளத்தை விட்டு நீங்கிய பின்னரும் பாடத்தை விடவில்லை. 1948 சனவரி 30 காலையிலும் தில்லியில் வங்காள எழுத்துப் பயிற்சி செய்தார்.

மொழிகளை அவர் பங்கிட்டுக்கொண்ட முறையும் நோக்கத்தக்கது. விடுதலை நாளையொட்டிப் பிபிசி நிறுவனத்தார் ஒரு செய்தி வேண்டினர். அது பல மொழிகளில் பெயர்த்து ஒலிபரப்பப்படும் என்றும் கூறினர். அந்த ஆசைக்கு இடம் தரலாகாது என்றும், தமக்கு ஆங்கிலம் தெரியும் என்பதை அவர்கள் மறந்துவிட வேண்டும் என்றும் அவர் விடையளித்ததை போஸ் பதிவு செய்துள்ளார். இரண்டு வாரங்கள் கழித்து உண்ணாநோன்பு அறிக்கையை அவரே ஆங்கிலத்தில் எழுதினார். இதில் முரண்பாடு காண்பது தவறு. முன்னதன் கேட்போர் உலகத்தார். பின்னதன் கேட்போர் கல்கத்தாவின் படித்த நடுத்தர வகுப்பினரும் நாளிதழ்களும். திரண்ட மக்களிடம் இந்துஸ்தானி, பேரம் பேசும் தலைவர்களிடம் ஆங்கிலம், தெருவில் இறங்கிப் பணிபுரிந்த இளைஞர்களுக்கு வங்காளம் என்ற களப்பகிர்வு அவரிடம் தெளிவாக இருந்தது.

அறிக்கையைத் திருத்தியவர்

1947 ஆகஸ்டு 15 அன்று மேற்கு வங்காளத்தின் முதல் ஆளுநராகப் பொறுப்பேற்றவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். அவருக்கு வங்காளத்தில் வரவேற்பு இருக்கவில்லை. சுபாஷ் சந்திர போஸுடன் அவர் கொண்டிருந்த கருத்து வேறுபாட்டையும், பிரிவினை பற்றிய அவர் நிலையையும் வங்காளியர் மறக்கவில்லை. அப்படிப்பட்டவர் செப்டம்பர் 1 இரவு ஹைதரி மன்சிலுக்கு வந்து நோன்பைத் தடுக்க முயன்றார். அவரும் காந்தியடிகளும் தம்முள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்பவர்கள். 1937-38இல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தவர் ஒருவர், இந்துஸ்தானியைத் தேசிய மொழியாக்க விழைந்த ஒருவரோடு நெருக்கடியான நேரத்தில் பகிர்ந்துகொள்ளக்கூடிய மொழி ஆங்கிலமே என்பது வரலாற்றின் நகை.

அறிக்கையின் வரைவில், குடிக்கும் நீருடன் எலுமிச்சம்பழச் சாறு சேர்த்துக்கொள்ளும் உரிமையைக் காந்தியடிகள் தமக்கென வைத்திருந்தார். எல்லாவற்றையும் இறைவன் கையில் ஒப்படைப்பவருக்கு எலுமிச்சம்பழம் எதற்கு என்று இராஜாஜி வினவினார். எழுதும்போதே அத்தொடர் தமக்கு உறுத்தியது என்று ஒப்புக்கொண்டு காந்தியடிகள் அதை அடித்துவிட்டார். பியாரேலால் பதிவு செய்துள்ள இந்நிகழ்ச்சியைப் பலர் நகைச்சுவைத் துணுக்காகவே கூறுவர். எனக்கு அது பனுவல் திருத்தத்தின் உயர்ந்த எடுத்துக்காட்டாகப் படுகிறது. நோன்பையே வேண்டாம் என்று வாதாடித் தோற்ற ஒருவர், தோற்ற மறுகணமே அந்நோன்பின் அறிக்கை தன்னுள் முரண்படாமல் அமைய உழைக்கிறார். தாம் உடன்படாத பனுவலுக்கும் நேர்மையாகப் பணிபுரிதல் மொழிபெயர்ப்பாளர் அனைவரும் அறிந்த கடன்.

நாமும் நாங்களும்

தமிழில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை வேறு, உளப்படுத்தாத தன்மைப் பன்மை வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது 'நாம்', விலக்குவது 'நாங்கள்'. இந்துஸ்தானியின் 'ஹம்', வங்காளத்தின் 'ஆம்ரா', ஆங்கிலத்தின் தன்மைப் பன்மை ஆகியன இவ்வேறுபாட்டைக் காட்டா. கல்கத்தா நிகழ்ச்சிகளைத் தமிழில் சொல்ல முற்படும்போது இவ்வேறுபாடு ஒவ்வோரிடத்திலும் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. அத்தடை நன்மையே செய்கிறது. பிற மொழிகளில் மறைந்து கிடப்பது தமிழில் வெளிப்படுகிறது.

மூன்று இடங்களைக் காட்டலாம். ஆகஸ்டு 14 மாலை ஹைதரி மன்சிலில் திரண்ட கூட்டத்திலிருந்து ஓர் இளைஞர், முந்திய ஆண்டுப் படுகொலைக்கு நீர்தாமே பொறுப்பு என்று சுராவர்தியைக் கேட்டார். அனைவருமே பொறுப்பு என்பது முதல் விடை. கேட்ட வினாவுக்கு விடை வேண்டும் என்று இளைஞர் மீண்டும் கேட்க, ஆம், அது என் பொறுப்பே என்று சுராவர்தி கூறினார். கூட்டத்தின் மனநிலை அக்கணத்தில் மாறியதாகப் பியாரேலால் எழுதுகிறார். முதல் விடையைத் தமிழில் பெயர்த்தால் 'நாம் எல்லாரும்' என்றே அமையும். அந்த 'நாம்' வினவியவரையும் குற்றத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. இளைஞர் அதற்கு உடன்படவில்லை. பன்மையிலிருந்து ஒருமைக்கு இறங்கிவரும்படி அவர் கேட்டார். தம் வாழ்நாள் முழுதும் அதிகாரத்தில் பழகிய ஒருவர் இறங்கிவந்தார். அமைதிக்கான முதல் படி இலக்கணத்தில் எண் மாற்றமாக நிகழ்ந்தது எனலாம்.

இரண்டாவது, உண்ணாநோன்புக்கு முன் நடந்த வாதம். குண்டர்களுக்கு எதிராக நோன்பிருக்க முடியுமா என்று இராஜாஜி கேட்டார். வங்காளத்தில் 1923லேயே குண்டர் சட்டம் இருந்தது. தமிழ்நாட்டில் 1982இல் இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாக அதே சொல்லை நாம் நன்கு அறிவோம். சிலரை 'அவர்கள்' என்று தனியே ஒதுக்கும் சொல் அது. குண்டர்களை உருவாக்குவோர் நாமே, நம் ஆதரவு இல்லையேல் அவர்கட்கு நிற்கக் காலில்லை என்ற கருத்தில் காந்தியடிகள் விடையிறுத்தார். இராஜாஜியின் படர்க்கையை அவர் உளப்பாட்டுத் தன்மையாக மாற்றினார். இங்கே 'நாங்கள்' என்று பெயர்ப்பவர் அவ்விடையை அழித்தவராவார்.

மூன்றாவது, செப்டம்பர் 4ஆம் நாள் உறுதிமொழி. இனிக் கலவரம் நேராது என்று உளமார உறுதிகூற இயலுமா, நேர்ந்தால் உயிரைக் கொடுத்தேனும் தடுப்பீர்களா என்ற காந்தியடிகளின் வினாக்களுக்குப் பின் தலைவர்கள் அடுத்த அறைக்குச் சென்று கலந்து பேசினர். இராஜாஜி சொல்லச் சொல்ல வரைவு எழுதப்பட்டது. இந்து மகாசபையின் என்.சி. சட்டர்ஜி முதலில் கையொப்பமிட்டார். சுராவர்தி உள்ளிட்ட முஸ்லிம் தலைவர்களும், சீக்கியர் சார்பில் நிரஞ்சன் சிங் தாலிபும் ஒப்பமிட்டனர். கீழே ஒப்பமிட்டோர் காந்தியடிகளுக்கு வாக்களிக்கின்றனர் என்பது அதன் வடிவம். எனவே தமிழில் 'நாங்கள்'. ஆயின், இந்த 'நாங்கள்' முந்திய ஆண்டு வரை ஒரே சொல்லுக்குள் வர மறுத்தவர்களைத் தன்னுள் கொண்டது. ஆஸ்டின் விளக்கிய செயல்நிகழ்த்தும் கூற்றுகளுள் வாக்களித்தல் தலையாயது. கூறுவதே அங்குச் செயல். இவ்வுறுதிமொழி மேலும் ஒன்றைச் செய்தது. கையொப்பமிட்ட அக்கணத்தில் ஒரு புதிய தன்மைப் பன்மையை உண்டாக்கியது. இதற்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. நவகாளியின் சிரந்தி என்னும் ஊரில் பீபி அம்துஸ் சலாம் 25 நாள் நோன்பிருந்து, 1947 சனவரி 20 அன்று அவ்வூர் முஸ்லிம்கள் எழுத்தில் தந்த உறுதியைப் பெற்றே நோன்பை முடித்தார். வாய்மொழி இணக்கத்தை எழுத்தாக்கிக் கையொப்பம் பெறும் வழக்கம் சிற்றூரில் உருவாகி நகரத்துக்கு வந்தது.

புறநானூற்றின் 45ஆம் பாட்டு இவ்விடத்தில் நினைவுக்கு வருதல் இயல்பே. நெடுங்கிள்ளியின் உறையூரை நலங்கிள்ளி முற்றுகையிட்டபோது கோவூர் கிழார் பாடியது, துறை துணைவஞ்சி. இருவர் சூடிய கண்ணியும் ஆத்தியே எனச் சுட்டும்போது ஒருமையில் 'நின்' என்று தொடங்கும் புலவர், எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி என்னும் இடத்தில் 'நும்' எனப் பன்மைக்கு மாறுகிறார். பெலியாகாட்டா இளைஞர் பன்மையிலிருந்து ஒருமையைக் கேட்டார். கோவூர் கிழார் ஒருமையிலிருந்து பன்மைக்கு அழைத்துச் சென்றார். குற்றத்தை ஏற்க ஒருமையும் உறவை நிறுவப் பன்மையும் தேவைப்படுகின்றன போலும்.

தலைவர்களின் ஒப்பத்துக்கு முன்பே நாற்பது பேரின் ஒப்பம் ஒன்று வந்து சேர்ந்ததையும் குறிப்பிடுதல் வேண்டும். நார்க்கேல்டாங்கா, மாணிக்தலா, காங்குர்காச்சி முதலிய, முந்திய கலவரங்களில் மிகவும் பாதிக்கப்பட்ட பகுதிகளில் கலந்து வாழ்ந்த இந்து முஸ்லிம்கள் அதை அனுப்பினர். வடகல்கத்தாக் காவலர் ஏறத்தாழ 500 பேர் பணியில் இருந்தவாறே ஒருநாள் நோன்பிருந்தனர். மாணவர் அணிகள் இரு சமயத்தார் தெருக்களிலும் ஊர்வலம் சென்றன. அமைதிப் பணியில் இறங்கிய சச்சின் மித்ரா, ஸ்மிருதீஷ் பானர்ஜி ஆகியோர் அந்நாட்களில் குத்தப்பட்டு உயிரிழந்தனர். அற்புதம் என்ற சொல் மறைத்துவிடுவது இவர்களைத்தான்.

ஒரு வங்காள வாக்கியம்

கல்கத்தாவை விட்டு நீங்குமுன், அந்த இளைஞர் அணியாகிய சாந்தி சேனையினர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கக் காந்தியடிகள் ஒரு வரிச் செய்தி எழுதித் தந்தார். வாழ்க்கையே தம் செய்தி என்னும் பொருள்பட உலகெங்கும் ஆங்கிலத்தில் மேற்கோள் காட்டப்படும் தொடர் அதுதான். அவர் அதை எழுதியது வங்காளத்தில் என்பதைப் பலரும் அறியார். பல திங்களாகப் பழகிய பாடத்தின் விளைவு அது.

அமைப்பில் அத்தொடர் தமிழுக்கு மிக நெருங்கியது. எழுவாயும் பயனிலையும் பெயர்களே. ஆங்கிலத்துக்கு வேண்டிய இணைப்புவினை வங்காளத்துக்கும் வேண்டா, தமிழுக்கும் வேண்டா. 'ஜீவன்' என்னும் பெயரோடு 'இ' என்ற தேற்ற இடைச்சொல் சேர்ந்துள்ளது. அது நம் தேற்றேகாரத்துக்கு நேரானது. ஆங்கிலப் பெயர்ப்பில் அத்தேற்றம் காணாமற்போயிற்று. வாழ்க்கையும் செய்தி, பிறவும் செய்தி எனப் பொருள்கொள்ள இடம் ஏற்பட்டது. தமிழில் 'வாழ்க்கையே' என்று வழங்குவதில் ஏகாரம் எஞ்சியிருக்கிறது. பெயர்த்தோர் வங்காள மூலத்தைக் கண்டோ, தமிழ் மரபே கேட்டுப் பெற்றோ அது அமைந்திருக்கலாம். செவிக்கு அத்தொடர் வேறொரு பொருளும் தருகிறது. தேற்ற இடைச்சொல் பெற்ற 'ஜீவன்' என்பதும், வாழ்க்கை வரலாறு எனப் பொருள்படும் 'ஜீவனீ' என்பதும் வங்காள ஒலிப்பில் ஒன்றே. தன்வரலாறு எழுதியவரின் வாக்கில் இச்சிலேடை தற்செயலாக அமைந்தது.

'செய்தி' என்று நாம் பெயர்க்கும் சொல் மூலத்தில் 'வாணி'. தமிழில் அது கலைமகளின் பெயராகச் சுருங்கிவிட்டது. வங்காளத்தில் பெரியோர் அருளும் திருவாக்கு, அறிவுரை என்ற பொருளில் வழங்குகிறது. சேனை இளைஞர் கேட்டது அத்தகைய திருவாக்கையே. தரமறுத்து, வாழ்க்கையைப் பார்க்கச் சொன்னார். நாளிதழ் வாடை வீசும் 'செய்தி' என்ற சொல்லில் அம்மறுப்பு முழுமையாக வரவில்லை. 'வாக்கு' என்று பெயர்க்கலாம் என்பது என் கருத்து.

பின்னர் நிகழ்ந்தவை

செப்டம்பர் 4ஆம் நாள் உறுதிமொழி என்றென்றைக்கும் நிலைத்தது என்று கூறுவது வரலாற்றுக்கு மாறு. 1950இல் இரு வங்காளங்களிலும் மீண்டும் கலவரம் மூண்டது. அவ்வாண்டு ஏப்ரல் 8 அன்று நேரு-லியாகத் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1964 சனவரியில் கல்கத்தாவில் மறுபடியும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. ஒப்பமிட்டோர் ஆள்களாக ஒப்பமிட்டனர். அவர்கள் உண்டாக்கிய 'நாங்கள்' அவர்களைக் கடந்து வாழ வேறு ஏற்பாடு இருக்கவில்லை.

அத்தகைய ஏற்பாடுகளை 1990களில் பொதுமக்கள் அமைப்புகள் தேடின. 1994இல் லாகூரில் உருவான பாகிஸ்தான்-இந்திய மக்கள் அமைதி, மக்களாட்சி அரங்கம் தன் கூட்டு மாநாடுகளைத் தில்லியிலும் லாகூரிலும் நடத்தியபின் 1996 டிசம்பரில் கல்கத்தாவில் கூட்டியது. இந்தியத் தரப்பில் அதை வழிநடத்தியோருள் ஒருவரான கடற்படை முன்னாள் தலைவர் இலட்சுமிநாராயண் ராமதாசும் பாகிஸ்தானின் ஐ.ஏ. ரஹ்மானும் 2004இல் மகசேசே விருது பெற்றனர். தில்லியினரும் லாகூரினரும் சந்திக்கும்போது இந்தி, உருது என்ற பெயர் வேறுபாட்டைக் கடந்து பேச்சு நடக்கிறது, துபாசி வேண்டா. கல்கத்தாவும் டாக்காவும் சந்திக்கும்போதோ மொழியின் பெயர்கூட ஒன்றே. அதனால்தான் அங்கே பெயர்த்துரைப்பவர் எவரும் அமர்த்தப்படுவதில்லை. ஜல்லுக்கும் பானிக்கும் இடையே நிற்கத்தக்க போஸ் போன்ற ஒருவர் தேவை என்று எவருக்கும் தோன்றுவதும் இல்லை. இன்றைய அமைதிக் கல்விப் பாடத்திட்டங்களில் ஒரு மொழிக்குள் நிகழும் பெயர்ப்புக்குத் தனியிடம் தருதல் வேண்டும் என்று கூறுவதற்கு இதுவே காரணம்.

1999இல் கொல்கத்தா-டாக்காப் பேருந்தும், 2008 ஏப்ரல் 14 அன்று, வங்காளப் புத்தாண்டு நாளில், மைத்ரீ விரைவுத் தொடர்வண்டியும் ஓடத் தொடங்கின. 2017இல் குல்னாவுக்குப் பந்தன், 2022இல் நியூ ஜல்பாய்குரியிலிருந்து டாக்காவுக்கு மிதாலி. பெயரிட்டோர் நட்பையும் பிணைப்பையும் குறிக்கும் சொற்களையே தேர்ந்தனர். முன்னிரண்டும் வடசொற்கள், மூன்றாவது 'மித்ர' என்பதிலிருந்து வங்காள நாவில் திரிந்து வழக்கில் ஊறியது. பாரசீகமோ அரபோ வழி வந்து இரு பக்கத்தாரும் நாள்தோறும் வழங்கும் 'தோஸ்தி' போன்ற ஒன்று ஏன் தேரப்படவில்லை என்பது கேட்கத்தக்க வினா. 2024 சூலையில் வங்கதேசத்தில் போராட்டம் மூண்டபோது மூன்று வண்டிகளும் நிறுத்தப்பட்டன. 1996 முதல் கொல்கத்தாப் புத்தகக் கண்காட்சியில் இடையறாது பங்கேற்று வந்த வங்கதேசம் 2025இல் பங்கேற்கவில்லை. இரு பக்கத்திலும் ஒரே எழுத்தில் அச்சாகும் நூல்கள், வாசிக்க எவ்விதப் பெயர்ப்பும் வேண்டாதவை, அவ்வாண்டு எல்லைக்கு அப்பாலேயே இருந்துவிட்டன.